ஆன்டிபாடி இருக்கிறது, வைரஸும் இருக்கிறது: ஹெர்பிஸ் குடும்பம் எதிர்ப்பு சக்தியிடம் தப்பிப்பது எப்படி?

கர்ப்பம் உறுதியானதும் சில இடங்களில், கருவைப் பாதிக்கக்கூடிய தொற்றுகளைத் தேடும் ‘டார்ச்’ என்றொரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்கிறார்கள். ரிப்போர்ட்டில் ‘சிஎம்வி ஐஜிஜி பாசிட்டிவ்’, ‘எச்எஸ்வி ஐஜிஜி பாசிட்டிவ்’ என்று இரண்டு வரி இருக்கும். சிஎம்வி, எச்எஸ்வி இரண்டும் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே செல்போனில் தேடுகிறார்கள். ஹெர்பிஸ் என்றால் பாலுறவு நோய் என்று வருகிறது. அப்புறம் வீட்டில் தூக்கமில்லை, சில வீடுகளில் கணவன் மனைவிக்குள் சந்தேகமே கிளம்பிவிடுகிறது.

ஐஜிஜி என்பது நோயின் பெயர் அல்ல. உடல் அந்த வைரஸை எப்போதோ சந்தித்து, அதற்கு எதிராகத் தயாரித்து வைத்திருக்கும் ஆன்டிபாடி அது. சரி, ஆன்டிபாடி இருந்தால் வைரஸ் போயிருக்க வேண்டுமே? தட்டம்மையில் அப்படித்தான் நடக்கிறது. ஒரு முறை வந்தால் ஆன்டிபாடி தங்கும், வைரஸ் போய்விடும். ஹெர்பிஸ் குடும்பத்திலோ இரண்டும் ஒரே உடம்பில் சாகும்வரை சேர்ந்து இருக்கின்றன. இது எப்படி முடிகிறது என்பது புரிந்தால் ரிப்போர்ட்டும் புரியும், அக்கி ஏன் வயதான பிறகு வருகிறது என்பதும் புரியும்.

யார் இந்தக் குடும்பம்?

ஹெர்பிஸ் என்ற பெயர் ‘ஊர்வது’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மனிதர்களைத் தொற்றுபவை மொத்தம் 9. அவற்றில் செய்திகளில் அடிபடுபவை இவை:

1. எச்எஸ்வி-1, எச்எஸ்வி-2: உதட்டோரக் கொப்புளம், பிறப்புறுப்புப் புண். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேரிடம் எச்எஸ்வி-1 இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலும் சிறு வயதில், எச்சில் வழியாக, முத்தத்தில் வருவது.
2. விஇசட்வி: முதலில் சின்னம்மை, பல ஆண்டுகள் கழித்து அக்கி. இரண்டும் ஒரே வைரஸின் வேலை.
3. ஈபிவி: 1964-ல் ஆந்தனி எப்ஸ்டீன், பெர்ட் அச்சாங், இவோன் பார் ஆகியோர் உகாண்டாவிலிருந்து வந்த புற்றுக்கட்டி மாதிரியில் கண்டது. பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம் இருக்கிறது.
4. சிஎம்வி: ஆரோக்கியமானவருக்குப் பெரும்பாலும் வந்ததே தெரியாது. கருவில் இருக்கும் குழந்தைக்கும் உறுப்பு மாற்று செய்துகொண்டவருக்கும் ஆபத்து.
5. கேஎஸ்எச்வி: 1994-ல் கண்டறியப்பட்டது. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் கபோசி சார்கோமா என்ற புற்றுநோய்க்குக் காரணம்.

ஆக, ஹெர்பிஸ் குடும்பத்தில் ஒன்றுகூடத் தொற்றாத பெரியவரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இன்னொரு விஷயமும் இங்கே முக்கியம். கொரோனா வைரஸின் மரபுக் குறிப்பு ஏறத்தாழ 30,000 எழுத்து நீளம். எச்எஸ்வி-1 ஒன்றரை லட்சம், சிஎம்வி 2,35,000. வேகமாகப் பரவி அடுத்த ஆளுக்குத் தாவிவிடும் வைரஸுக்குச் சின்ன மூட்டை போதும். ஒரே ஆளுக்குள் ஐம்பது அறுபது வருஷம் குடியிருக்க வேண்டிய வைரஸுக்கு அது போதாது. சிஎம்வியின் மரபணுக்களில் பெரும்பகுதி அது பெருகுவதற்கே தேவையில்லாதவை. அவற்றில் பலவற்றின் ஒரே வேலை நம் எதிர்ப்பு மண்டலத்தைச் சமாளிப்பது.

உடல் வைரஸை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆன்டிபாடி செல்லுக்கு வெளியே ரத்தத்திலும் திரவங்களிலும் சுற்றுவது. வைரஸ் செல்லுக்குள் நுழைந்துவிட்டால் அதற்கு எட்டாது. உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க உடலிடம் வேறொரு ஏற்பாடு உண்டு.

ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்ளலாம். அந்தத் தெருவில் ஒரு கட்டுப்பாடு: எந்த வீட்டில் என்ன சமைத்தாலும் ஒரு பிடி எடுத்து இலையில் வைத்து வாசல் திண்ணையில் வைக்க வேண்டும். காவலர் தெருவோடு போகும்போது ஒவ்வொரு திண்ணையையும் பார்ப்பார். வழக்கமான சமையல் என்றால் நடையைக் கட்டுவார். தெரியாத பண்டம் இருந்தால் அந்த வீட்டையே இடித்துவிடுவார்.

செல்லும் இதைத்தான் செய்கிறது. தனக்குள் உருவாகும் புரதங்களில் கொஞ்சத்தை எட்டு பத்து அமினோ அமிலத் துணுக்குகளாக நறுக்குகிறது. அந்தத் துணுக்கு ‘டாப்’ என்ற குழாய் வழியாக எண்டோபிளாச வலை என்ற உள்ளறைக்குப் போகிறது. அங்கே ‘எம்எச்சி-1’ என்ற புரதம் அதை ஏந்திக்கொண்டு செல்லின் மேற்பரப்புக்கு வருகிறது. எம்எச்சி-1தான் இலை. காவலர், கொல்லும் டி செல். இலையில் வைரஸின் துணுக்கு தெரிந்தால் டி செல் அந்த செல்லைக் கொன்றுவிடும், வைரஸும் அதோடு போகும்.

ஹெர்பிஸ் வைரஸ்களின் முதல் குறி இந்த இலை.

இலையைத் திண்ணைக்கு வரவிடாமல் செய்தல்

குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் கை வைக்கிறார்கள்.

1. குழாயை அடைத்தல். எச்எஸ்வி ‘ஐசிபி47’ என்ற குட்டிப் புரதத்தைத் தயாரிக்கிறது. மொத்தமே 88 அமினோ அமிலங்கள். இது டாப் குழாயின் வாயில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 2016-ல், உறையவைத்த மூலக்கூறுகளைப் படம் பிடிக்கும் கிரையோ எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இதை நேரடியாகவே பார்த்தார்கள். கொண்டை ஊசி மாதிரி இரண்டாக மடிந்து, குழாய்க்குள் ஆழமாகச் செருகிக் கிடந்தது. துணுக்கு நுழைய இடமே இல்லை. சிஎம்வியும் இதே குழாயை அடைக்கிறது, ஆனால் ‘யுஎஸ்6’ என்ற வேறு புரதத்தால், குழாயின் மறுமுனையிலிருந்து. ஈபிவிக்கு மூன்றாவதாக ஒரு புரதம். மூன்றுக்கும் உருவத்தில் ஒற்றுமை இல்லை, ஆனாலும் மூன்றும் ஒரே குழாயைத் தேடி வந்திருக்கின்றன.

2. இலையையே கிழித்தல். சிஎம்வியின் ‘யுஎஸ்2’, ‘யுஎஸ்11’ ஆகிய புரதங்கள், புதிதாக உருவான எம்எச்சி-1ஐ எண்டோபிளாச வலையிலிருந்து பின்பக்கமாக வெளியே இழுத்துப் போட்டு, செல்லின் குப்பை அரைக்கும் இயந்திரத்திடம் கொடுத்துவிடுகின்றன. பிறந்த சில நிமிடங்களில் இலை காலி. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோணலாக மடிந்த புரதங்களைச் செல் எப்படி வெளியே இழுத்து அழிக்கிறது என்ற அடிப்படை உயிரியலின் முக்கியமான பகுதியை விஞ்ஞானிகள் தெரிந்துகொண்டதே 1990களில் இந்த வைரஸ் புரதங்களை ஆராயப் போய்த்தான்.

3. தடுத்து நிறுத்துதல். சிஎம்வியின் ‘யுஎஸ்3’ இலையை அழிப்பதில்லை, உள்ளறையை விட்டு வெளியேற விடுவதில்லை. சின்னம்மை வைரஸும் தன் பங்குக்கு எம்எச்சி-1ஐ உள்ளேயே நிறுத்தி வைக்கிறது.

4. திண்ணைக்கு வந்ததைத் திரும்ப எடுத்தல். கேஎஸ்எச்வியின் ‘கே3’, ‘கே5’ புரதங்கள் மேற்பரப்புக்கு வந்துவிட்ட இலையின் மேல் ஒரு முத்திரையைக் குத்துகின்றன. முத்திரை விழுந்ததும் செல்லே அதை உள்ளே விழுங்கிச் செரித்துவிடும்.

ஐசிபி47 எலியின் டாப் குழாயில் சரியாக ஒட்டுவதில்லை, மனிதக் குழாயில்தான் இறுகப் பிடிக்கிறது. நம்மோடு சேர்ந்தே வளர்ந்த வைரஸ் என்பதற்கு இது ஒரு சான்று. எலியில் நன்றாக வேலை செய்யும் தடுப்பூசி மனிதரிடமும் அப்படியே வேலை செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கும் இது ஒரு காரணம்.

காலித் திண்ணையைப் பார்த்தால்?

இலை இல்லாத திண்ணையை உடல் சும்மா விடுவதில்லை. அதற்கென்றே இரண்டாவது காவலர் இருக்கிறார், என்கே செல். இவருடைய கணக்கு வேறு. இலையில் என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டார், இலை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். இல்லையென்றால் அந்த வீடு சந்தேகத்துக்குரியது. முதல் காவலரிடம் தப்பிப்பதற்காகச் செய்த வேலையே இரண்டாமவரிடம் காட்டிக்கொடுத்துவிடும்.

சிஎம்வி இதற்கும் வழி வைத்திருக்கிறது. அதன் ‘யுஎல்18’ என்ற புரதம் எம்எச்சி-1 போலவே தோற்றமுள்ள ஒரு போலி இலை. என்கே செல்லில் இருக்கும் ஓர் அமைதிப்படுத்தும் ஏற்பியோடு இந்தப் போலி ஒட்டிக்கொள்கிறது, அசல் எம்எச்சி-1ஐ விட ஆயிரம் மடங்குக்கும் மேல் இறுக்கமாக. இன்னொன்று ‘யுஎல்40’. என்கே செல்லை அமைதிப்படுத்தும் எச்எல்ஏ-ஈ என்ற தனிவகை இலை ஒன்று நம் உடலில் உண்டு. அது மேலே வர ஒரு குறிப்பிட்ட துணுக்கு தேவை. அந்தத் துணுக்கை எழுத்து மாறாமல் நகலெடுத்து யுஎல்40 கொடுக்கிறது. டாப் குழாயைச் சிஎம்வியே அடைத்து வைத்திருக்கிறதே, இது எப்படி உள்ளே போகும்? குழாயே தேவைப்படாத வேறு வழியில் போகிறது. பார்த்தாலே பிரமிப்பாக இருக்கும் ஒழுங்கு இது.

இதோடு, செல் ஆபத்தில் இருக்கும்போது வெளியே நீட்டும் அபாயக் கொடிகளும் உண்டு. அவற்றைச் சிஎம்வியின் ‘யுஎல்16’ உள்ளேயே சுருட்டி வைத்துவிடுகிறது.

ஆன்டிபாடியின் காலைப் பிடித்தல்

ரிப்போர்ட்டில் பார்த்த ஐஜிஜிக்கு இப்போது வரலாம். ஐஜிஜி பார்வைக்கு கவட்டை மாதிரி இருக்கும். மேலே இரண்டு கைகள், கீழே ஒரு கால். கைகள் வைரஸைப் பிடிக்கும். வெளியே நீட்டியிருக்கும் கால்தான் மற்றவர்களைக் கூப்பிடும். அதைப் பார்த்துத்தான் விழுங்கும் செல்களும், ‘காம்ப்ளிமென்ட்’ என்ற ரத்தப் புரதக் கூட்டமும் தாக்க வருகின்றன.

எச்எஸ்வியின் மேலுறையில் ‘ஜிஈ’, ‘ஜிஐ’ என்று இரண்டு புரதங்கள் ஜோடியாக நிற்கின்றன. ஐஜிஜியின் கை வைரஸின் ஒரு புரதத்தைப் பிடித்த உடனே, இந்த ஜோடி அதே ஐஜிஜியின் காலைப் பிடித்துக்கொள்கிறது. ஆன்டிபாடி வைரஸின் மேல் வளைந்து பாலம் மாதிரி கிடக்கிறது. வேலை பாதி நின்றுபோகிறது. பக்கத்திலேயே ‘ஜிசி’ என்ற இன்னொரு புரதம், காம்ப்ளிமென்ட்டின் முக்கியமான ‘சி3பி’யைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.

ஆன்டிபாடி இருந்தும் ஏன் போகவில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இது.

கூச்சலை அடக்குதல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொற்றிய செல் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தை வெளியிடும், கூடவே புரத உற்பத்தியையே நிறுத்தி வைரஸைப் பட்டினி போடப் பார்க்கும். எச்எஸ்வியின் ‘ஐசிபி34.5’ அந்த நிறுத்தத்தை நீக்கி உற்பத்தியைத் திரும்ப ஓடவைக்கிறது. ஈபிவியும் சிஎம்வியும் இன்னும் ஒரு படி மேலே. அழற்சியைத் தணிக்க நம் உடல் தயாரிக்கும் ‘ஐஎல்-10’ என்ற புரதத்தின் மரபணுவை இரண்டும் தனித்தனியே எப்போதோ எடுத்து வைத்துக்கொண்டிருக்கின்றன. தேவைப்படும்போது அதைத் தாங்களே தயாரித்து, சுற்றிலும் உள்ள காவலர்களைச் சாந்தப்படுத்துகின்றன.

எல்லாவற்றையும் விடப் பெரிய தந்திரம்: பேசாமல் இருப்பது

இதுவரை பார்த்தவை எல்லாம் வைரஸ் விழித்துப் பெருகும் சில நாட்களுக்கானவை. இத்தனை புரதங்களை வைத்துக்கொண்டு ஐம்பது வருஷம் ஒளிய முடியாது, ஒவ்வொரு புரதமும் ஒரு தடயம். நீண்ட காலத்துக்கு ஹெர்பிஸ் செய்வது உறக்கம்.

உதட்டில் எச்எஸ்வி-1 தொற்றும்போது அது தோலோடு நிற்பதில்லை. தோலில் முடியும் நரம்பு நுனிக்குள் நுழைந்து, நரம்பின் வழியாகவே பின்னோக்கிப் பயணம் செய்து, மண்டையோட்டின் அடிப்பகுதியில் இருக்கும் முக்கிளை நரம்பு முடிச்சுக்குப் போய்ச் சேர்கிறது. எச்எஸ்வி-2க்கு இடுப்புப் பக்கத்து நரம்பு முடிச்சுகள். விஇசட்வி முதுகுத்தண்டை ஒட்டிய பல முடிச்சுகளில் இடம் பிடிக்கிறது. அக்கி உடம்பில் ஒரே பக்கமாக, பட்டை போட்ட மாதிரி வருவது இதனால்தான். விழித்தது எந்த முடிச்சோ, அதன் நரம்பு போகும் தோல்பகுதி மட்டும் கொப்பளிக்கிறது.

நரம்பு செல்லைத் தேர்ந்ததிலும் பொருள் இருக்கிறது. நரம்பு செல் பிரிந்து பெருகுவதில்லை, ஆயுள் முழுக்க அதே செல்தான். திண்ணையில் இலை வைப்பதும் அங்கே குறைவு. செத்தால் திரும்பக் கிடைக்காத செல் என்பதால் உடலும் அதைக் கொல்லத் தயங்குகிறது. அங்கே போனதும் எச்எஸ்வி தன் மரபணுக்களை எல்லாம் மூடிவிடுகிறது. ‘லாட்’ எனப்படும் ஆர்என்ஏ மட்டும் தொடர்ந்து உருவாகும். அதிலிருந்து புரதம் வருவதாகத் தெரியவில்லை. புரதம் இல்லை என்றால் இலையில் வைக்க எதுவுமில்லை, டி செல்லுக்குக் காட்டிக்கொடுக்க எதுவுமில்லை.

ஈபிவி ஒளியும் இடம் இன்னும் துணிச்சலானது. ஆன்டிபாடி தயாரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த பி செல்லுக்குள்ளேயே அது தங்குகிறது. பி செல் பிரியும், அப்போது வைரஸின் டிஎன்ஏவும் பங்கு பிரிந்து போக வேண்டும். அதற்கு ‘ஈபிஎன்ஏ1’ என்ற ஒரு புரதம் கண்டிப்பாகத் தேவை. இதன் நடுவில் கிளைசின், அலனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களே திரும்பத் திரும்ப வரும் நீளமான பகுதி ஒன்று உண்டு. அந்தப் பகுதி இருப்பதால் புரதம் எளிதில் துணுக்காவதில்லை, குறைவாகவே உருவாகவும் செய்கிறது என்று 1995 முதல் வந்த ஆய்வுகள் காட்டின. டி செல்கள் இதை அறவே பார்க்காமல் விடுவதில்லை, ஆனாலும் பார்ப்பது கஷ்டமாகிவிடுகிறது. சிஎம்வி எலும்பு மஜ்ஜையில், ரத்த செல்களின் முன்னோடி செல்களில் உறங்குகிறது.

அப்படியானால் எதிர்ப்பு சக்தி தோற்றுவிட்டதா?

இல்லை. செய்திகளில் ‘எதிர்ப்பு சக்தியை ஏமாற்றும் வைரஸ்’ என்று படித்துவிட்டு நம்மில் பலர் தவறாக எடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

எச்எஸ்வி உறங்கும் நரம்பு முடிச்சுகளில் டி செல்கள் வருஷக்கணக்கில் காவல் இருக்கின்றன. வைரஸ் லேசாகக் கண் விழிக்கும்போது அவை கிரான்சைம் என்ற நொதியைச் செலுத்தி, வைரஸ் எழுந்திருக்கத் தேவையான ‘ஐசிபி4’ புரதத்தை வெட்டிவிடுகின்றன, நரம்பு செல்லைக் கொல்லாமலே. 2008-ல் எலிகளில் இது காட்டப்பட்டது. சிஎம்வி இருப்பவர்களின் நினைவு டி செல்களில், அதாவது முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் டி செல்களில், சராசரியாகப் பத்தில் ஒன்று அந்த ஒரு வைரஸுக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு விருந்தாளியைக் கண்காணிக்க உடல் இவ்வளவு செலவு செய்கிறது.

பிறகு அந்தத் தப்பிக்கும் மரபணுக்கள் எதற்கு? 2010-ல் அமெரிக்காவின் ஓரிகான் விஞ்ஞானிகள் ரீசஸ் குரங்குகளில் செய்த சோதனை இதற்கு நல்ல பதில் தந்தது. குரங்குச் சிஎம்வியிலிருந்து இலையை அழிக்கும் மரபணுக்களை வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த வைரஸ், முன்பு தொற்றே இல்லாத குரங்கில் வழக்கம்போல் தொற்றியது, தங்கவும் செய்தது. ஆனால் ஏற்கெனவே சிஎம்வி இருக்கும் குரங்கில் அதனால் காலூன்ற முடியவில்லை. அந்தக் குரங்குகளின் கொல்லும் டி செல்களை நீக்கிய பிறகுதான் முடிந்தது. அதாவது, இந்த மரபணுக்கள் எதிர்ப்பு சக்தியை அழிப்பதற்கு அல்ல. தயாராகக் காத்திருக்கும் உடலுக்குள் கொஞ்ச நேரம் அவகாசம் வாங்குவதற்கு.

அந்த அவகாசத்தில் சில வைரஸ்கள் எச்சிலிலோ தோலிலோ வெளியேறி அடுத்தவரிடம் போய்விடும். கொப்புளமே இல்லாத நாளிலும் எச்எஸ்வி தொற்றக்கூடும் என்பதற்குக் காரணம் இதுதான்.

காவல் தளர்ந்தால் கதை மாறும். வயது ஏறும்போது விஇசட்விக்கு எதிரான டி செல்கள் பலம் குறைகின்றன, ஆன்டிபாடி அளவு அப்படியே இருந்தாலும் அக்கி வருகிறது. சிறுநீரக மாற்றுக்குப் பிறகு எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவருக்குச் சிஎம்வி எழுகிறது.

இதனால் நமக்கு என்ன?

1. ரிப்போர்ட் படிப்பது. ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் பழைய தொற்று. அது எந்த வருஷம் வந்தது, யாரிடமிருந்து வந்தது, எச்எஸ்வி-1 என்றால் வாயிலா வேறு இடத்திலா என்று எதையும் அந்த எண் சொல்லாது. அதை வைத்து யாரையும் சந்தேகப்படுவது அநியாயம். கர்ப்பத்தில் அதிக ஆபத்து, முதல் தொற்று அப்போதுதான் ஏற்படும்போது. எச்எஸ்வியில் தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியே போய்க் குழந்தைக்கும் காவல் தருகிறது. பிரசவம் நெருங்கும்போது புதிதாகத் தொற்றிய தாய்க்கு அந்த ஆன்டிபாடி உருவாக நேரம் கிடைப்பதில்லை, அப்போதுதான் சிசுவுக்கு ஆபத்து மிக அதிகம். தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் ஆன்டிபாடியான ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தாலும் அது ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது, டாக்டர் வேறு பரிசோதனையோடு சேர்த்துத்தான் பார்ப்பார்.

2. மருந்து. மருந்து விஞ்ஞானி கெர்ட்ரூட் எலியன் குழுவினரின் அசைக்ளோவிர் மாத்திரை பெருகும் வைரஸை மட்டும் தாக்கும், ஏனென்றால் வைரஸின் ஒரு நொதிதான் அந்த மருந்தைச் செயலுக்குக் கொண்டுவருகிறது. உறங்கும் வைரஸில் அந்த நொதி கிடையாது. ஆகவே கொப்புளம் ஆறும், வைரஸ் போகாது. அக்கிக்குக் காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது. கொப்புளம் சில வாரங்களில் தானாகவே காய்ந்துவிடுவதால் எழுதியதால்தான் சரியானது என்று தோன்றும். ஆனால் மாத்திரையை, கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். எழுதிக்கொள்வதில் அந்த மூன்று நாள் போய்விடக் கூடாது. நெற்றியிலோ கண்ணைச் சுற்றியோ வந்தால் அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும், பார்வைக்கே ஆபத்து.

3. அக்கித் தடுப்பூசி. ஷிங்ரிக்ஸ், விஇசட்வியின் ஜிஈ புரதத்தைக் காட்டித் தளர்ந்த டி செல்களைத் திரும்ப உசுப்புகிறது. இந்தியாவில் 2023-ல் வந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் 97 சதவீதம் அக்கியைத் தடுத்தது. வைரஸை வெளியேற்றாமல், காவலை மட்டும் பலப்படுத்தியே கிடைத்த பலன் இது.

4. மற்ற நோய்களோடு தொடர்பு. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து 2022-ல் வந்த ஆய்வு, ஈபிவி தொற்றிய பிறகு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதாகக் கண்டது. ஈபிவி உள்ளவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு அந்த நோய் வருவதில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வேல்ஸில் பழைய வகை அக்கித் தடுப்பூசி, 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது. அந்தத் தேதிக்கு இரு பக்கமும் பிறந்தவர்களை ஒப்பிட்டதில், தடுப்பூசி போட்டவர்களிடம் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது என்று 2025-ல் வெளியானது. காரணம் இன்னும் ஆராயப்படுகிறது.

5. புதிய தடுப்பூசிகள். எச்எஸ்விக்கு இதுவரை தடுப்பூசி இல்லை. வைரஸ் நுழையப் பயன்படும் ‘ஜிடி’ புரதத்தை மட்டும் காட்டிய முயற்சி 2012-ல் வெளியான பெரிய ஆய்வில் எச்எஸ்வி-2ஐத் தடுக்கவில்லை. பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் பயோஎன்டெக் நிறுவனமும் உருவாக்கிய எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் ஜிடியோடு ஜிசி, ஜிஈ இரண்டையும் சேர்த்திருக்கிறார்கள். ஆன்டிபாடியின் காலைப் பிடிக்கும் கையையும் காம்ப்ளிமென்ட்டை நிறுத்தும் கையையும் முதலிலேயே அடையாளம் காட்டிவிடுவதுதான் நோக்கம்.

6. வைரஸே மருந்தாவது. எச்எஸ்வி-1லிருந்து ஐசிபி47, ஐசிபி34.5 இரண்டின் மரபணுக்களையும் நீக்கி, எதிர்ப்பு செல்களைக் கூப்பிடும் ஒரு மனித மரபணுவைச் சேர்த்து ‘டி-வெக்’ என்ற மருந்தைச் செய்திருக்கிறார்கள். 2015-ல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஊசியால் கட்டிக்குள்ளேயே செலுத்துவார்கள். ஐசிபி34.5 இல்லாததால் அது ஆரோக்கியமான செல்லில் பெருக முடியாமல் நின்றுவிடும், தற்காப்பு கெட்டுப்போன புற்று செல்லில் பெருகி அதை உடைக்கும். ஐசிபி47 இல்லாததால் டாப் குழாய் திறந்தே இருக்கும். துணுக்குகள் இலையேறி மேற்பரப்புக்கு வரும், டி செல்கள் வந்து பார்க்கும்.